படைப்பு நேரத்தில் இரண்டாங்கட்டில் தேனீக் கூட்டம்: கலைக்கலாமா, விடலாமா?

தேனாற்றங்கரை:
காரைக்குடிக்கு வெளியே, தேனாற்றுப் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். அடுத்த வாரம் முன்னோருக்குப் படைப்பு என்பதால் சுத்தம் பண்ண ஆள்விட்டுத் திறந்தோம். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது உள்பகுதியில், ஒரு தூணின் தலைப்பில் உள்ள போதிகையில் தேனீ கொத்தாகத் தொங்குகிறது. உரிக்காத தேங்காய் அளவு இருக்கும். அடை எதுவும் கண்ணில் படவில்லை, வெறும் ஈதான்.

பங்காளிகள் எல்லாரும் வருகிறார்கள், சின்னப் பிள்ளைகளும் உண்டு. வேலைக்கு வந்தவர் "பந்தம் கொளுத்திக் காட்டினால் அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சிடும்" என்கிறார். அப்பத்தா கையே வைக்கக் கூடாது என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்டித்தேன்:
அண்ணே, முதலில் பந்தத்தைக் கீழே போடச் சொல்லுங்கள். பர்மாத் தேக்குக்குக் கீழே தீயைக் காட்டுவது தேனீயைவிடப் பெரிய வம்பு.

அடை இல்லாமல் கொத்தாகத் தொங்கினால் அது பெரும்பாலும் குடி பிரிந்து வந்த கூட்டம். தாய்க்கூட்டில் ஈ பெருகி இடம் பற்றாமல் போனால் புது ராணிக்கு அறை கட்டுவார்கள். புதுசு வெளியே வருவதற்குள் பழைய ராணி ஒரு பகுதி ஈயோடு கிளம்பிவிடும். போகிற வழியில் கிளை, தூண், கம்பி என எதிலாவது இறங்கித் தங்கும். மழை நின்று பூ பிடிக்கிற இந்தத் தை, மாசியில் நம் பக்கம் இது சாதாரணம்.

இப்போது அவை பார்ப்பது வீடு. கொத்தின் மேல்பரப்பைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். சில ஈ மட்டும் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடும். அவை இடம் பார்த்துவிட்டு வந்த ஈக்கள். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. தேனீ ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கூட்டத்தின் மேல் நடக்கும் ஆட்டம் வீடு தேடுவதற்கு என்று கண்டவர் அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர். ஆளாளுக்கு ஒரு இடத்தைச் சொல்லி ஆடுவார்கள். கடைசியில் ஒரே இடத்துக்கான ஆட்டம் மிஞ்சியதும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். சில மணி நேரத்திலும் நடக்கும், ஓரிரு நாளும் ஆகும்.

கிளம்பும்போது வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டுதான் வரும். காக்க முட்டை இல்லை, புழு இல்லை, தேனும் இல்லை. அதனால் கொட்டுகிற எண்ணமும் குறைவு. அதற்காகக் கையால் தட்டிப் பார்க்க வேண்டாம். படம் போடுங்கள், என்ன ஈ என்று சொல்கிறேன்.

கண்டனூர் ஆச்சி:
பெட்டித்தேன் தம்பி சொல்வது சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று. அந்த ஈ தேடுகிற வீடு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் சாமான் அறையை ரொம்ப நாள் கழித்துத் திறந்தார்கள். சீர் பாத்திரம் எல்லாம் அடுக்கி வைத்திருந்த அறை. கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டா ஒன்று முழுக்கத் தேனடை. வாய்ப்பக்கம் பலகையில் சரியாக உட்காராமல் விரல் நுழைகிற சந்து இருந்திருக்கிறது, அது போதும் அதற்கு. அண்டாவைச் சாய்த்தபோது உள்ளே ஏழெட்டு அடை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நடுவில் ஈ நடக்கிற இடம் மட்டும் விட்டு. மேல் ஓரத்தில் தேன், மூடியது வெள்ளையாக. கீழே புழு அறை. ஒரு ஓரத்தில் மட்டும் மூடிகள் கூம்பாக உயர்ந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குண்டூசி குத்தியது போல ஒரு ஓட்டை. பூச்சி தின்றுவிட்டது என்று நினைத்தோம். அதுதான் ஆண் ஈ வளரும் அறை என்று தேனீப் பெட்டி வைத்திருக்கிறவர் வந்து சொன்னார்.

ஆகவே பூட்டிய அறைகளின் சாவித்துவாரம், ஓடு விலகிய இடம், பெட்டகத்தின் அடிச்சந்து எல்லாவற்றையும் இன்றைக்கே துணி வைத்து அடைத்துவிடுங்கள். அந்த ஈ அங்கே குடி போய்விட்டால் அப்புறம் கிளப்புவது பெரும்பாடு.

பெட்டித்தேன்:
ஆச்சி, நூற்றுக்கு நூறு உண்மை. மூடியில் ஓட்டை உள்ள ஆண் அறை நம் இந்தியத் தேனீயின் அடையாளம், வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயில் அது கிடையாது. பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டுவதால் இதை அடுக்குத் தேனீ என்பார்கள். பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீடு அதற்கு இருட்டு, மழை படாது, மனுஷ நடமாட்டம் இல்லை. வேறென்ன வேண்டும்?

ரஸ்தாவாசி:
எல்லாரும் தேனீயைக் கொஞ்சுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பனைமரத்துக் கதண்டு கொட்டி ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் வருகிற வீட்டில் எதற்கு விஷப்பரீட்சை? தீயணைப்புக்குப் போன் போட்டால் வந்து முடித்துவிட்டுப் போவார்கள்.

பெட்டித்தேன்:
அண்ணே, அந்தத் துக்கம் புரிகிறது. ஆனால் கதண்டு வேறு, தேனீ வேறு. கதண்டு பெரிய குளவி. அதன் கூடு மரநாரை மென்று கட்டியது. வெளியில் வரிவரியாகத் தாள் சுற்றியது போல் உருண்டையாக இருக்கும். ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கு நம் தோலில் நின்றுவிடும், ஈ செத்துவிடும். கதண்டுக்குத் தீயணைப்புக்காரர்கள் வருவது நியாயம். பிரச்சினை என்னவென்றால் நாம் போனில் "கதண்டு" என்று சொல்லிவிடுகிறோம், அவர்கள் இருட்டினதும் அதற்குத் தயாராக வந்து தேனீயைக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள்.

தேனீயிலும் பயப்பட வேண்டிய ஒன்று உண்டு, மறைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், கோபுரத்தில், உயரமான மரத்தில் ஒரே அடையாக, சில நேரம் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தொங்குமே, அது மலைத்தேனீ. திருவிழாவில் வெடிப் புகையோ பருந்தோ அதைக் கிளப்பிவிட்டால் கூட்டமாக இறங்கும். முதல் ஈ கொட்டின இடத்தில் வாழைப்பழ வாசம் மாதிரி ஒன்று வரும். அது மற்ற ஈக்குக் கொடுக்கும் தகவல். அப்போது அங்கே நின்று கையை வீசக் கூடாது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடிப்போய்க் கதவடைத்த அறைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துகொள்ள வேண்டும். ஊரணியில் குதிப்பது வேலைக்காகாது, தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றும். கொடுக்கை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, நகத்தால் சுரண்டினாலும் சரி. மூச்சு முட்டினாலோ, முகமோ தொண்டையோ வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரே கொட்டாக இருந்தாலும் உடனே 108. நிறையக் கொட்டியிருந்தாலும் அப்படித்தான். சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தேனாற்றங்கரை:
படம் போட்டிருக்கிறேன். சின்ன ஈதான், வயிற்றில் கறுப்பும் மஞ்சளும் வரிவரியாக. ஆச்சி சொன்னபடி மூன்றாங்கட்டு அறைகளின் சந்தெல்லாம் அடைத்தாயிற்று. அப்படி அடைக்கும்போது இன்னொன்று கண்டேன். முகப்புக் கதவின் நிலையில், கஜலட்சுமி செதுக்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பிசினால் செய்த ஒரு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாயில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பூச்சிகள் காவல் நிற்கின்றன. இது என்ன?

பெட்டித்தேன்:
அது கொசுத்தேனீ. அதுவும் தேனீதான், ஆனால் கொட்டாது. நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நிலைக்குள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள், வார்னிஷ் அடிக்கிறவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

தூணில் இருப்பது நான் நினைத்தபடி அடுக்குத் தேனீ. வெட்டவெளியில் அது கூடு கட்டாது, கிளம்பிவிடும். தூணுக்குக் கீழே தரையில் மெல்லிய வெள்ளைச் செதில் விழுந்திருக்கிறதா பாருங்கள். அது மெழுகு. நிறைய விழுந்திருந்தால் இடம் கிடைக்காமல் அங்கேயே கட்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் விட்டுவிடலாம். படைப்பன்று விறகடுப்பை மூன்றாங்கட்டில் மூட்டும்போது புகை இந்தப் பக்கம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்திரிக்காடு:
இழையின் தலைப்பு வேறு என்றாலும் ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் காரைக்குடியைச் சுற்றி நிறையப் பேர் தேனீக் கூட்டம் இறங்கியதாகச் சொல்கிறார்கள். ஊர் பச்சையாக இருப்பதால் தேனீ பெருகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வளாகத்துவாசி:
அப்படித்தான் இருக்க வேண்டும். நான் இருப்பது மின்வேதியியல் ஆய்வகத்துப் பக்கம். அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட வளாகம், அன்றைக்கு வைத்த மரங்கள் இன்றைக்குச் சாலையையே மூடியிருக்கின்றன. மனை போட்டு விற்கிற புது நகர்களிலும் இப்போது வாசலுக்கு வாசல் மரம். தேனீக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெட்டித்தேன்:
இங்கேதான் நான் மாறுபடுகிறேன். பச்சையாக இருப்பதெல்லாம் ஈக்குச் சாப்பாடு இல்லை. பழைய வளாகத்தில் வேம்பும் புங்கமும் நாவலும் இருக்கும், சரி. புது நகர்களில் வாசலுக்கு வாசல் நிற்பது என்ன? நெட்டிலிங்கமும் கோனோகார்பஸும். அவற்றை நம்பி ஈ பிழைக்க முடியாது. கொரியன் புல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலேயிருந்து பார்த்தால் பச்சை, ஈக்குப் பாலைவனம்.

அதோடு அடுக்குத் தேனீ ரொம்ப தூரம் போகாது. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் மேயும். அந்த வட்டத்துக்குள் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாசம் எல்லாம் பூத்து, அடுத்த மூன்று மாசம் ஒன்றுமில்லை என்றால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். இதைக் குடி பிரிதலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. செழித்த கூடு பாதி ஈயைப் பிரித்து அனுப்பும். பட்டினியில் இருக்கிற கூடோ மொத்தமாகக் கிளம்பிவிடும், காலி அடையில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து வலை பின்னியிருக்கும். வாசலில் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் கூட்டம் நிறைய இறங்குகிறது என்றதும் எனக்கு உடனே சந்தோஷம் வருவதில்லை.

முந்திரிக்காடு:
அப்படியானால் நம் பக்கத்துப் பூக்கணக்கைக் கொஞ்சம் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது தை முதல் பங்குனி வரை முந்திரி. அந்தச் சமயம் புதுக்கோட்டைப் பக்கத் தோப்புகளுக்கு வெளியூரிலிருந்து பெட்டி கொண்டுவந்து வைப்பார்கள்.

பெட்டித்தேன்:
கார்த்திகையில் மழை விட்டதும் தும்பை. தரிசில், ரயில் பாதை ஓரத்தில், இடிந்த மதில் மேலெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். வெட்டுக்காயப் பூண்டும் கூடவே. இதை யாரும் மரக்கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் கூடு ஈயைப் பெருக்குவது இதை நம்பித்தான். தை, மாசியில் முருங்கை. பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை எல்லாம் ஒன்றாக வரும், அதுதான் நம் தேன் காலம். வைகாசி, ஆனியில் புளி. ஊரணிக்கரைப் புளியமரத்தின் கீழே அந்த மாதங்களில் காலையில் போய் நின்று பாருங்கள், மரமே முனகுவது காதில் விழும்.

ஆடிக்கு மேல்தான் கஷ்டம். காற்று அடித்து எல்லாம் காய்ந்துவிடும். முருங்கை திரும்ப ஒரு தடவை லேசாகப் பூக்கும், கருவேலும் இலந்தையும் அங்கங்கே. தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடும், ஆனால் பெரிய வரவு அதில் வராது. ஐப்பசி மழையில் ஈ வெளியே போகவே முடியாது. கரும்புச்சாறுக் கடையில் ஈ மொய்த்துச் சக்கையோடு நசுங்கிச் சாவதை ஆடி, ஆவணியில் பார்த்திருப்பீர்கள். இனிப்புக்கு ஆசைப்பட்டு வந்ததாக நினைக்கிறோம். வெளியில் பூ இல்லாமல் வந்தவை அவை.

ஊரணிக்கரை:
முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டீர்கள். சீமைக்கருவேல்.

பெட்டித்தேன்:
விடவில்லை, சண்டை வரும் என்று தள்ளிப் போட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் காய்ந்த மாதங்களில் நம் மாவட்டத்துத் தேனீயைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான். சிவகங்கை, ராமநாதபுரத்தில் பெட்டி வைத்திருக்கிற யாரிடமும் கேளுங்கள்.

ஊரணிக்கரை:
இதைத்தான் ஏற்க மாட்டேன். எங்கள் ஊர் வரத்துக்கால்வாய் முழுக்க அதுதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மழை பெய்தும் ஊரணிக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. செட்டிநாட்டில் ஒரு ஊரணியிலிருந்து அடுத்த ஊரணிக்குத் தண்ணீர் போகும்படி கால்வாய் வெட்டி வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊரே வெட்டக் கிளம்பியது. அப்புறம் தடை வந்து வேலை நின்றது, வெட்டின இடத்திலும் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. இதில் தேனீயைக் காரணம் காட்டி அதை விட்டுவைக்கச் சொன்னால் எப்படி?

பெட்டித்தேன்:
விட்டுவைக்கச் சொல்லவில்லை அண்ணே. கால்வாயிலும் ஊரணிக்குள்ளும் நிற்பதை வேரோடு எடுக்க வேண்டியதுதான், மறுபேச்சே இல்லை. அடிமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனால் துளிர்க்கத்தான் செய்யும், வேரைத் தோண்டி எடுக்க வேண்டும். நான் சொல்வது வரிசை. முதலில் கரையில் மாற்று மரம் வையுங்கள், அது பூவுக்கு வரும்வரை தரிசில் நிற்கும் சீமைக்கருவேலில் ஒரு பகுதியை விடுங்கள். ஒரே வாரத்தில் பொக்லைன் விட்டு மொத்தத்தையும் வழித்துவிட்டால், அந்த வருஷம் ஆவணியில் பக்கத்தில் இருக்கிற எல்லாக் கூடும் காலி.

ஊரணிக்கரை:
நடைமுறையில் "ஒரு பகுதியை விடுவது" என்றால் எல்லாவற்றையும் விடுவது என்றுதான் ஆகும். கான்ட்ராக்ட் எடுத்தவர் விறகுக்கு ஆகிற பெரிய மரத்தை வெட்டிக்கொண்டு குத்துச்செடியை விட்டுவிட்டுப் போவார். பார்த்தவன் சொல்கிறேன்.

கண்டனூர் ஆச்சி:
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இது இங்கே தீராது. ஆனால் அய்யனார் கோயில் காடுகளை மறந்துவிட்டீர்கள். கிளை ஒடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள இடங்களில் இன்னமும் உசிலும் நாவலும் இலுப்பையும் நிற்கின்றன. இப்போது அங்கேயும் சிமெண்டுத் தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, "வெளிச்சம் வரவில்லை" என்று கிளையை வெட்டுகிறார்கள். நன்கொடை கொடுப்பது நம் ஆட்கள்தான். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி நம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஈக்காக ஒரு கிளையை விட முடியாதா?

தேனாற்றங்கரை:
இவ்வளவு படித்த பிறகு அந்தக் கூட்டத்தைப் பெட்டியில் பிடித்துத் தோட்டத்தில் வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. பார்த்துக்கொள்ள வாட்ச்மேன் இருக்கிறார்.

பெட்டித்தேன்:
பிடிப்பது சுலபம். சாயங்காலம் கொத்துக்குக் கீழே நியூட்டன் பெட்டியைப் பிடித்து மெல்ல உள்ளே வழித்து விட வேண்டும், ராணி உள்ளே போய்விட்டால் மற்றவை தானாகப் பின்னால் போகும். திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களில் நம் ஈயின் அளவுக்கென்றே செய்த பெட்டி அது. பிடித்த பிறகு வைத்திருப்பதுதான் பாடு. பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எறும்பு. வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். புழு நிமிர்ந்தபடி செத்து, எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை போல வந்தால் அது பைப்புழு நோய். 1991-92-ல் தென்னிந்தியாவில் பெட்டித் தேனீக்களில் பெரும்பகுதியை அழித்தது அந்த நோய்தான். மார்த்தாண்டம் பக்கத்தில் தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வேலைக்குப் போனார்கள்.

வாட்ச்மேனை நம்பிப் பெட்டி வைக்காதீர்கள் என்பது என் கருத்து. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், பயிற்சி நடக்கும்போது அவரையே அனுப்பிவிட்டு அப்புறம் வைக்கலாம். அதுவரை தோட்டத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்து, ஈ உட்கார நாலு கூழாங்கல் போடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் கூட்டைக் குளிர்விக்க அவை தண்ணீர் சுமக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் போய் வம்பு வரும்.

தேனாற்றங்கரை:
சரி, பெட்டி யோசனையைத் தள்ளிவைக்கிறேன். கூட்டம் இன்று பதினோரு மணி வாக்கில் கிளம்பிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். முற்றத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றுப் பக்கம் போனதாம். படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது தோட்டத்தில் மரம் வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். இடம் அரை ஏக்கர் தேறும். எல்லாரும் இலுப்பை என்கிறார்கள்.

ஊரணிக்கரை:
இலுப்பை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நன்றாகப் பூக்கப் பத்து வருஷத்துக்கு மேலே ஆகும், அதுவரை பங்காளிகளுக்கு ஆர்வம் தாங்காது. வேலி ஓரம் முழுக்க முருங்கைக் கொம்பு நடுங்கள், அடுத்த வருஷமே பூ. நடுவில் புங்கம், ஒன்றுக்கொன்று இருபதடி விட்டு. வடக்கு ஓரத்தில் இரண்டு இலந்தை, ஆவணி, புரட்டாசிப் பஞ்சத்துக்கு. முள் இருக்கிறது என்று அப்பத்தா திட்டினால் என்னைச் சொல்லுங்கள்.

பெட்டித்தேன்:
அதோடு தோட்டத்தை மொழுக்கென்று செதுக்கி வைக்கிற பழக்கத்தைக் கார்த்திகையிலிருந்து தை வரைக்குமாவது நிறுத்தச் சொல்லுங்கள். தும்பையை நட வேண்டியதில்லை, பிடுங்காமல் இருந்தால் போதும்.